மதகு யார் கையில்?

நீரை ஆள்பவன் நிலத்தை ஆள்கின்றான். மதகை ஆள்பவனோ நீரையே ஆள்கின்றான். கம்பம் பள்ளத்தாக்கின் உழவனுக்கு இவ்வுண்மையை எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. 1895ஆம் ஆண்டில் முல்லைப் பெரியாற்றின் குறுக்கே அணை எழுந்து, மேலைக்கடல் நோக்கி ஓடிக்கொண்டிருந்த நீர் மலையைக் குடைந்த வழியே கீழ்த்திசைக்குத் திரும்பிய நாள்தொட்டு, அப்பள்ளத்தாக்கின் வாழ்வும் தாழ்வும் தேக்கடி மதகைப் பற்றியே நிற்கின்றன. கூடலூர்ப் பகுதி தொடங்கித் தேனியை அடுத்த பழனிச்செட்டிபட்டி வரை விரிந்து கிடக்கும் 14,707 ஏக்கர் நன்செய் இருபூ விளைவது அம்மதகு திறக்கும் நாளைப் பொறுத்தே. உரிய நாளில் திறந்தால் நாற்றங்கால் பசுமை கொள்ளும். நாள் தவறினால் உழவன் வானத்தை நோக்குவான்.

அணை நிற்கும் நிலம் இன்று கேரள எல்லைக்குள் உள்ளது. எனினும், 1886ஆம் ஆண்டின் 999 ஆண்டுக் குத்தகை உடன்படிக்கையால், அதனை இயக்கும் உரிமை தமிழ்நாட்டின் கையில் உள்ளது. அக்கைக்கு ஊறு நேருமோ என்ற அச்சம் எழுந்தபோது, 2011ஆம் ஆண்டின் இறுதித் திங்களில், கூடலூரும் கம்பமும் பாளையமும் பொங்கியெழுந்தன. ஆயிரமாயிரவராக மக்கள் குமுளிக் கணவாயை நோக்கி நடந்தனர். கடைகள் அடைபட்டன, ஏர்கள் நின்றன. மதகு பிறர் கைக்குப் போனால் வயல் பிறர் கைக்குப் போகும் என்பதை அம்மக்கள் நூல் படித்து அறிந்தாரல்லர், வாழ்ந்து அறிந்தனர்.

அதே மக்களின் கையில் இன்று கைப்பேசி உள்ளது. அதன் வழியே நாள்தோறும் பாய்வது செய்தி, சட்டம், விலை, கல்வி, மருத்துவம் ஆகிய அறிவுநீர். அந்நீருக்கும் ஒரு மதகு உண்டு. அம்மதகு யார் கையில் உள்ளது என்று குமுளிக்கு நடந்த கால்களில் ஒன்றேனும் நடந்து சென்று கேட்டதுண்டா?

கண்ணுக்குப் புலப்படா மதகு

'வெப் சர்வர்' என்று ஆங்கிலத்தில் கூறப்படுவதே வலைவழங்கி. ஒருவர் தம் கைப்பேசியில் ஒரு வலைத்தளத்தின் முகவரியை இடும்போது, எங்கோ ஓரிடத்தில் ஓயாது இயங்கும் ஒரு கணிப்பொறி அவ்வேண்டுகோளைக் கேட்டு, உரிய பக்கத்தை எடுத்து அனுப்புகின்றது. அக்கணிப்பொறியும் அதனுள் இயங்கும் மென்பொருளும் சேர்ந்ததே வழங்கி. 1990ஆம் ஆண்டில் செனீவாவை அடுத்த செர்ன் ஆய்வகத்தில் திம் பெர்னர்சு-லீ என்பார் உலகின் முதல் வலைவழங்கியை இயக்கினார். 1995இல் அப்பாச்சி என்னும் வழங்கி மென்பொருள் வெளிவந்தது. 2004இல் உருசியரான இகோர் சிசோயெவ் என்பார் எஞ்சின்எக்சு என்பதனை வெளியிட்டார். இவ்விரண்டும் எவரும் விலையின்றிப் பெற்று, உள்ளே திறந்து பார்த்து, தம் தேவைக்கேற்பத் திருத்திக்கொள்ளத்தக்க கட்டற்ற மென்பொருள்கள்.

இம்மென்பொருள்கள் தாமாக எதனையும் முடிவு செய்வதில்லை. எந்தப் பெயர் சொல்லி அழைத்தால் விடை கூறுவது, எந்தத் துறையில் வேண்டுகோளுக்குக் காத்திருப்பது, எந்தக் கோப்புறையிலிருந்து பக்கத்தை எடுப்பது, அப்பக்கம் எந்த எழுத்துக் குறியாக்கத்தில் உள்ளதென அறிவிப்பது, பல மொழிகளில் பக்கம் இருப்பின் எதனை முன்வைப்பது, கேட்ட பக்கம் இல்லையெனில் என்ன சொல்லி அனுப்புவது ஆகிய அனைத்தையும் அவற்றுக்குச் சொல்லிக்கொடுப்பது ஒரு கோப்பு. அதன் பெயர் அமைவுக் கோப்பு. படமோ புதிர்க்குறியோ அதில் இல்லை. வெற்றெழுத்தால் ஆன சில வரிகளே உள்ளன. எழுதத் தெரிந்த எவரும் அதனைத் திறந்து படிக்கலாம். உரிமையுடையவர் ஒரு வரியை மாற்றி ஒரு நாட்டின் முகத்தையே மாற்றலாம். இதுவே அந்த மதகு.

முன்வாயிலும் கொல்லைவாயிலும்

தேனி மாவட்ட ஆட்சியத்தின் வலைத்தளத்தைத் திறப்போர் முன் விரிவது ஆங்கிலப் பக்கம். தமிழ்ப் பக்கம் இல்லாமல் இல்லை, உள்ளது. ஆனால், முகவரியின் வாலில் 'டி', 'ஏ' என்ற இரண்டு உரோம எழுத்துகள் ஒட்டப்பட்டால்தான் அது தலைகாட்டும். ஏனைய மாவட்டங்களின் தளங்கள் பலவும் இவ்வார்ப்பில் வார்க்கப்பட்டவையே. முன்வாயிலில் ஆங்கிலம் அமர்ந்திருக்க, வீட்டுக்குரிய தமிழ் கொல்லைவாயில் வழியே வந்து போகின்றது.

தமிழே தமிழ்நாட்டின் ஆட்சிமொழி எனச் சட்டம் இயற்றப்பட்டது 1956ஆம் ஆண்டில். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தேனி மாவட்டத்தின் மக்கள்தொகை 12,45,899. பட்டா மாறுதலுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் அத்தளத்தை நாடுவோர் இலண்டன் மாநகரத்தாரோ? ஆண்டிபட்டியின் நெசவாளரும், சின்னமனூரின் வாழை உழவரும், கம்பத்தில் கொடிமுந்திரிப் பந்தல் போட்டவரும் அல்லரோ? அவர்தம் மொழி எதற்காக வாலில் ஒட்டப்பட வேண்டும்?

போடிநாயக்கனூரில் ஏலக்காய்க்கு மின்னணு முறையில் ஏலம் நடைபெறுகின்றது. ஏலம் நடத்திய நிறுவனம், குவியல்களின் எண்ணிக்கை, வந்த எடை, விற்ற எடை, உச்சவிலை, இடைவிலை என்று நறுமணப்பொருள் வாரியம் வெளியிடும் பட்டியல் வலையில் ஏறுகின்றது. எண்களை எவரும் படிப்பர். அவற்றின் தலைப்புகளோ ஆங்கிலத்தில் நிற்கின்றன. இடைவிலை எது, உச்சவிலை எது என்று பிரித்தறிய மாட்டாத சிறுதோட்டத்தான், வணிகன் வாய்ச்சொல்லை நம்பியே மூட்டையை இறக்குகின்றான். விடியுமுன் வண்டியேறிப் போடிமெட்டுக்கும் குமுளிக்கும் மேலே உள்ள தோட்டங்களில் காய் பறிக்கச் செல்லும் பெண்டிர்க்கோ, தாம் பறித்த காய் அன்று என்ன விலை போயிற்று என்பது அவர்தம் மொழியில் ஒருநாளும் சொல்லப்படுவதில்லை. மொழி வெறும் பற்றன்று. அது கூலி, அது விலை, அது சோறு.

பட்டியலில் இல்லாத மொழி

அப்பாச்சிக் குழுவினர் வெளியிடும் மூலப்பொதியினுள் மொழிகளுக்கென்றே ஓர் எடுத்துக்காட்டு அமைவுக் கோப்பு உள்ளது. எந்தக் கோப்பின் வால் எந்த மொழியைக் குறிக்கும் என்பதை 'ஆட் லாங்குவேச்' என்னும் கட்டளை கூறுகின்றது. வருபவர் மொழி இன்னதென்று தெளிவாகாதபோது எந்த மொழியை முதலில் எடுப்பது என்பதை 'லாங்குவேச் பிரையாரிட்டி' என்னும் கட்டளை கூறுகின்றது. அப்பட்டியலின் தலையில் நிற்பது ஆங்கிலம். அதன்பின் கட்டலான், செக்கு, தேனியம், செருமானியம், கிரேக்கம், எசுப்பெராந்தோ, எசுத்தோனியம், பிரெஞ்சு, எபிரேயம், சப்பானியம், கொரியம், இலக்சம்பூர்க்கியம் என்று இருபதுக்கும் மேற்பட்டவை நிரலாக நிற்கின்றன. தமிழ் அங்கு இல்லை.

இலக்சம்பூர்க்கு நாட்டின் மக்கள்தொகை 7 நூறாயிரத்தை எட்டவில்லை. தேனி என்னும் ஒரு மாவட்டத்தின் மக்களுள் ஏறத்தாழப் பாதியே அது. எசுத்தோனிய நாட்டின் மக்கள்தொகை 14 நூறாயிரத்தை எட்டவில்லை. தேனியைவிடச் சற்றே பெரிது. எசுப்பெராந்தோ எந்த நிலத்திலும் விளைந்த மொழியன்று. 1887ஆம் ஆண்டில் ஒரு மருத்துவர் ஆக்கி வெளியிட்ட மொழி. இவை மூன்றும் பட்டியலில் உள்ளன. 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்திய நாட்டுக்குள் மட்டும் 6.9 கோடி மக்கள் தாய்மொழியாகக் கொண்ட தமிழ், ஈராயிரம் ஆண்டு இலக்கியம் உடைய தமிழ், அப்பட்டியலில் இல்லை. இந்தியும் அதில் இல்லை என்று எவரேனும் ஆறுதல் கொள்வாராயின், அயலான் வீட்டிலும் அடுப்பெரியவில்லை என்று பசியாறுவாரை ஒப்பர்.

கேட்ட பக்கம் கிடைக்காதபோது வழங்கி அனுப்பும் பிழைச்செய்திகளுக்கும் இதே நிலை. அப்பாச்சியின் பொதியில் அச்செய்திகள் செக்கு மொழியில் உள்ளன, உருமானியத்தில் உள்ளன, செர்பியத்தில் உள்ளன, துருக்கியத்தில் உள்ளன. 'இல்லை' என்று சொல்வதற்குக்கூட அங்குத் தமிழ் இல்லை.

குற்றம் யாருடையது?

வெள்ளையன் தமிழை ஒதுக்கினான் என்று மேடையில் முழங்குதல் எளிது. ஆயின் அது பொய். பொய்யின்மேல் எழுப்பும் எழுச்சி நில்லாது. அம்மொழிக் கோப்பிலேயே அதனை ஆக்கியோர் ஒரு குறிப்பு எழுதி வைத்துள்ளனர். இம்மொழிகள் ஏறத்தாழ அகர வரிசையில் அடுக்கப்பட்டுள்ளன என்றும், பயன்படுத்துவோர் இதனை மாற்றிக்கொள்ளவே விரும்புவர் என்றும் அவர்களே கூறியுள்ளனர். கதவைத் திறந்து வைத்து, உள்ளே வந்து மாற்றிக்கொள்க என்று அழைத்துள்ளனர். எசுத்தோனியர் சென்றனர், எசுப்பெராந்தோவினர் சென்றனர். தமிழர் செல்லவில்லை.

தமிழரிடையே கணிப்பொறி அறிந்தார் இலரோ? ஆண்டுதோறும் பொறியியற் கல்லூரிகளினின்று வெளிவரும் தமிழ் இளைஞர்க்குக் கணக்கில்லை. சென்னையிலும் பெங்களூரிலும் கடல் கடந்தும் வங்கிகளின் வழங்கிகளையும் வணிகப் பேரவைகளின் வழங்கிகளையும் இரவுபகலாய்க் காப்போருள் தமிழர் பலர். பிறர் வயலுக்கு மதகு திறக்கக் கூலி பெறும் அவர், தம் வயலின் மதகை ஒருநாளும் தொட்டுப் பாரார். அயலான் கோப்பில் ஓர் அரைப்புள்ளி தவறினாலும் நள்ளிரவில் எழுந்து திருத்துவார். தாய்மொழிக்கு ஒரு வரி சேர்க்க ஒரு பகற்பொழுது ஒதுக்கார்.

இனித் தூயதமிழ் அன்பர்தம் குற்றத்தையும் மறைத்தல் முறையன்று. அவ்வாங்கிலச் சொல்லுக்கு வழங்கி என்பதா, பரிமாறி என்பதா, சேவையகம் என்பதா என்று ஆண்டுக்கணக்காக வழக்காடியோர் அவருள் உளர். அவ்வழக்கு வேண்டற்பாலதே, வடசொல் கலந்த பெயரை விலக்குதலும் வேண்டற்பாலதே. ஆனால் பெயரிட்ட பிள்ளையைப் பால்கொடுத்து வளர்ப்பார் வேண்டாவா? வழங்கி என்று பெயர் சூட்டியவர், தமிழ் வழங்கும் வழங்கி ஒன்றை நிறுவிக் காட்டினால் அப்பெயர் தானே நிலைபெறும். 2010ஆம் ஆண்டில் ஒருங்குறியில் கிரந்தத்தோடு தமிழுக்கே உரிய எழுத்துகளையும் சேர்க்க ஒரு முயற்சி எழுந்தபோது, தமிழுலகு ஒருமித்து எதிர்த்தது. தீங்கைத் தடுக்கத் திரண்ட அவ்வாற்றல், ஆக்கம் செய்யத் திரளாதது ஏன்? எதிர்ப்பு ஒருநாட் பணி, அமைவு நாட்பணி. தமிழர் முன்னதில் வல்லர், பின்னதில் சோம்பர்.

கட்டலானியரைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் இசுப்பானிய ஆட்சிக்குள் வாழும் இனம் அது. 1939 முதல் 1975 வரை பிராங்கோவின் கொடுங்கோலின்கீழ் அவர்தம் மொழி பள்ளியினின்றும் பொதுவாழ்வினின்றும் விரட்டப்பட்டது. அம்மொழியே இன்று அப்பட்டியலில் ஆங்கிலத்தை அடுத்து நிற்கின்றது. அகர வரிசையால் கிடைத்த இடமே எனினும், வரிசையில் நின்றவர்க்கன்றோ இடம்? அவர்கள் 2005ஆம் ஆண்டிலேயே தம் மொழிக்கும் பண்பாட்டுக்குமென 'கேட்' என்னும் உச்சக் களப்பெயரையும் கேட்டுப் பெற்றனர். '.தமிழ்' என்றொரு களப்பெயர் இன்றும் இல்லை.

கைப்பேசி தரும் பொய்ச்சான்று

வழங்கியை மட்டும் குறை கூறிப் பயனில்லை. உலாவி ஒவ்வொரு முறையும் வழங்கியிடம் பக்கம் கேட்கும்போது, தன் உரிமையாளர் விரும்பும் மொழி எது என்பதையும் வேண்டுகோளின் தலைப்பில் சேர்த்து அனுப்புகின்றது. 'ஏற்கும் மொழி' என்பது அவ்வரியின் பொருள். தேனிக் கடைத்தெருவில் வாங்கி, ஆங்கில அமைப்பை மாற்றாமலே சட்டைப்பையில் இட்ட கைப்பேசி, உரிமையாளர் வாய் திறவாதபோதே, 'இவர் ஆங்கிலம் விரும்புகின்றார்' என்று ஒவ்வொரு நொடியும் உலகுக்குச் சான்று கூறிக்கொண்டிருக்கின்றது. ஆங்கிலம் அறியாத மூதாட்டியின் கைப்பேசியும் அவ்வாறே பொய்ச்சான்று கூறுகின்றது. பின்னர், 'தமிழில் எவரும் கேட்பதில்லை. ஆகலின் தமிழில் தருவதில்லை' என்று நிறுவனங்கள் கணக்குக் காட்டுகின்றன. அக்கணக்கை எழுதித் தந்தது தமிழரின் சோம்பலே.

கைப்பேசியின் அமைப்பில் மொழியைத் தமிழாக மாற்ற ஓரிரு மணித்துளிகள் போதும். தூயதமிழ் பேசும் வீடுகளில் எத்தனைக் கைப்பேசிகள் தமிழ் கேட்கின்றன என்று இன்றிரவே எண்ணிப் பார்க்கலாம். அவ்வெண் பலரை நாணச் செய்யும்.

ஐந்து குறியும் பதினைந்து குப்பையும்

தமிழ் வலையேறியது நேற்றன்று. 1995ஆம் ஆண்டிலேயே சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி அவர்கள் தமிழ்ப் பாக்களை வலையில் ஏற்றிக் காட்டினார். ஆனால், அதன்பின் ஆளுக்கொரு குறியாக்கம், தளத்துக்கொரு எழுத்துரு என்று தமிழுலகு சிதறிற்று. 1999ஆம் ஆண்டின் சென்னைத் தமிழிணைய மாநாடு தாம், தாபு என்னும் குறியாக்கங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் முன்வைத்தது. 2010ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு ஒருங்குறியையும் 'தேசு 16' எனப்படும் அனைத்தெழுத்துக் குறியாக்கத்தையும் தரமாக ஏற்றது. பன்னிரண்டு உயிரும் பதினெட்டு மெய்யும் இரண்டு நூற்றுப் பதினாறு உயிர்மெய்யுமாய்த் திகழும் தமிழ் நெடுங்கணக்கை, வடபுல எழுத்துகளுக்கு வகுத்த அச்சில் ஒருங்குறியார் அடைத்தது முறையன்று என்னும் குறை இன்றும் தீரவில்லை. அதற்கான வழக்கு ஒருபுறம் நடக்கட்டும். கையில் உள்ள ஒருங்குறியையேனும் வழங்கி பிழையின்றி அறிவிக்க வேண்டாவா?

ஒருங்குறிப்படி 'தமிழ்' என்னும் சொல்லில் உள்ள குறிகள் ஐந்து: தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி. 'யூடிஎஃப்-8' முறையில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டுகளாகச் செல்லும், மொத்தம் பதினைந்து. 'இது யூடிஎஃப்-8' என்று வழங்கியோ பக்கமோ அறிவித்தால் உலாவி அப்பதினைந்தையும் கூட்டித் தமிழ் என்று காட்டும். மேலை ஐரோப்பியக் குறியாக்கம் என்று வழங்கி தவறாக அறிவித்தாலோ, ஒவ்வொரு பைட்டும் தனித்தனி இலத்தீனக் குறியாகி, தமிழ் என்னும் இனிய சொல் இருக்க வேண்டிய இடத்தில் பொருளற்ற குப்பை கிடக்கும். அதனைக் கண்டவர், 'தமிழ் கணிப்பொறிக்கு ஒவ்வாது' என்று உதட்டைப் பிதுக்குவர். ஒவ்வாதது தமிழன்று, அமைவுக் கோப்பில் இயல்புக் குறியாக்கத்தைக் கூறும் ஒரு வரி.

மறுப்பார் கூற்றுகள்

'அமைவுக் கோப்பின் கட்டளைகளே ஆங்கிலச் சொற்களாயிருக்க, அதில் தமிழுக்கு என்ன இடம்?' என்பார் உளர். பூட்டைச் செய்தவன் திண்டுக்கல்லான். ஆயினும் பூட்டிய வீடு வாங்கியவனுடையது. கட்டளைச் சொல் செய்தவன் மொழியில் இருக்கலாம். அக்கட்டளை எதனை முன்னிறுத்த வேண்டும் என்பதை வைத்திருப்பவனே எழுதுகின்றான். மேலும், அக்கோப்பில் '#' குறியிட்டு எழுதும் விளக்கவுரைகள் முழுவதையும் தமிழில் எழுதலாம். பிழைச்செய்தியைத் தமிழில் தரலாம். பக்கங்களின் கோப்புப் பெயர்களையும் தமிழில் இடலாம். தடுப்பார் எவருமிலர்.

'ஆங்கிலம் முகப்பில் இருந்தால் உலகோர் அனைவர்க்கும் பயன்படுமே' என்பார் உளர். உலகோர்க்குப் பயன்படட்டும், அவர்க்கெனக் கிளைவழி ஒன்றில் ஆங்கிலம் இருக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறை வரும் விருந்தினனுக்காகக் குடும்பத்தாரை நாள்தோறும் கொல்லைவழியே நடக்கச் சொல்லும் வீடு உலகில் எங்குண்டு?

'தமிழில் அமைத்தால் இயங்குமா?' என்பார் உளர். தமிழ் விக்கிப்பீடியா 2003ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகின்றது. அதன் முகப்பு தமிழ், பட்டியல் தமிழ், பிழைச்செய்தி தமிழ். பெரும் பொருளுதவியாலோ அரசாணையாலோ அது வளர்ந்ததன்று. தன்னார்வலர் சிலர் நாள்தோறும் செய்த சிறுபணியால் வளர்ந்தது. அத்தளத்தைத் தமிழ்த்தளமாக்குவதும், அதன் அமைப்பில் மொழி இன்னதெனக் குறிக்கும் அதே 'டி', 'ஏ' என்னும் இரண்டெழுத்தே. ஓரிடத்தில் வாலாய் ஒட்டப்பட்ட அவ்விரண்டெழுத்து, மற்றோரிடத்தில் தலையாய் அமர்ந்துள்ளது. மென்பொருள் வேறுபட்டதாலா? எழுதிய கை வேறுபட்டதால்!

செயத்தக்கன

கம்பத்திலோ உத்தமபாளையத்திலோ உள்ள ஓர் இளைஞன் தன் ஊருக்கோ, மன்றத்துக்கோ, உழவர் குழுவுக்கோ ஒரு வழங்கி நிறுவ முனைவானாயின், அவன் செய்ய வேண்டுவன சிலவே.

முதலாவது, கோப்பைத் திருத்துமுன் அதன் படியொன்றை எடுத்து வைத்தல். தவறு நேர்ந்தால் மீளும் வழி அதுவே.

இரண்டாவது, பெயரும் துறையும். தளத்தின் பெயரை எழுதி, 80ஆம் துறையிலும், காப்புடைய இணைப்புக்குரிய 443ஆம் துறையிலும் காத்திருக்கச் சொல்ல வேண்டும். இலங்கை, சிங்கப்பூர், இந்தியா ஆகிய மூன்று நாட்டுப் பெயர்களும் தமிழெழுத்திலேயே உச்சக் களப்பெயர்களாக 2010, 2011ஆம் ஆண்டுகளில் இசைவு பெற்றன. ஆகலின், தளத்தின் பெயரையும் முழுத் தமிழில் கொள்ள இயலும். ஆனால் ஒன்றை மறவாமை வேண்டும்: அமைவுக் கோப்பில் அத்தமிழ்ப் பெயரை, 'எக்சு', 'என்' என்று தொடங்கும் உரோம எழுத்துக் கோவையாக மாற்றியே எழுத வேண்டும். காண்போர்க்குத் தமிழ் தெரியும். உள்ளே கோவை வேலை செய்யும்.

மூன்றாவது, குறியாக்கம். இயல்புக் குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று ஒரு வரி. அப்பாச்சியில் அதற்குத் தனிக்கட்டளை உண்டு. எஞ்சின்எக்சில் குறியாக்கக் கட்டளை தொடக்கத்தில் அணைந்தே கிடக்கும். அதனை எழுதி ஏற்ற வேண்டும்.

நான்காவது, மொழி. அப்பாச்சியாயின், தமிழுக்குரிய வாலை அறிவிக்கும் வரியொன்றைச் சேர்த்து, முன்னுரிமைப் பட்டியலின் தலையில் தமிழை நிறுத்த வேண்டும். எஞ்சின்எக்சுக்கு மொழியறிந்து பக்கம் தேரும் திறம் தன்னியல்பில் இல்லை. உலாவி அனுப்பும் மொழிவரியைப் பார்த்துப் பிரிக்கும்படி அமைவில் எழுத வேண்டும். கைப்பேசிகள் பொய்ச்சான்று கூறும் இந்நாளில் இவையெல்லாவற்றினும் திண்ணிய வழி, மூல முகவரியிலேயே தமிழை வைத்து, ஆங்கிலத்தைக் கிளைக்கு அனுப்புவதே.

ஐந்தாவது, பிழைச்செய்தி. 'நீங்கள் தேடிய பக்கம் இங்கில்லை' என்று ஒரு தமிழ்ப் பக்கம் எழுதி, 404 என்னும் எண்ணுக்கு அதனை இணைக்க வேண்டும். வழிதவறி வந்தவனிடம் பேசும் மொழியே ஒரு வீட்டின் உண்மை மொழி.

ஆறாவது, காப்புச் சான்றிதழ். 'லெட்சு என்கிரிப்ட்' என்னும் அமைப்பு 2015ஆம் ஆண்டின் இறுதி முதல் இதனை விலையின்றி வழங்கி வருகின்றது. பணமில்லை என்னும் சாக்கு இனிச் செல்லாது.

ஏழாவது, சோதனை. வழங்கியை மீள இயக்குமுன் கோப்பைப் பிழைபார்க்கும் கட்டளை இரண்டு மென்பொருள்களிலும் உண்டு. எஞ்சின்எக்சில் கட்டளை வரியின் முடிவில் அரைப்புள்ளி விடுபட்டால் புதிய அமைவு ஏறாது. ஓர் அரைப்புள்ளிக்கு இத்துணை மதிப்பளிக்கும் பொறிமுன் நின்று, ஒரு மொழியையே விட்டுவிடுவார் உளராயின், அவரை என்னென்பது?

இவ்வேழும் கைவரப் பெற்றவன் அங்கே நின்றுவிடலாகாது. தான் எழுதிய தமிழ் வரியையும், தான் மொழிபெயர்த்த பிழைச்செய்திகளையும் அப்பாச்சிக் குழுவினர்க்கு முறைப்படி அனுப்ப வேண்டும். ஒருவன் தன் வழங்கியில் சேர்த்தது ஓர் ஊருக்குப் பயன்படும். மூலப்பொதியில் சேர்ந்தால், அதனை நிறுவும் கணிப்பொறிதோறும் தமிழின் பெயர் சென்றமரும். தேனி மாவட்டத் தளத்தின் முகப்பில் தமிழை அமர்த்தவேண்டுமென்று மாவட்ட ஆட்சியர்க்கு ஊர்தோறும் விண்ணப்பங்கள் செல்ல வேண்டும். ஆட்சிமொழிச் சட்டம் அவ்விண்ணப்பத்தின் பக்கம் நிற்கின்றது. தமிழ்ப் பக்கமும் முன்பே ஆயத்தமாய் உள்ளது. முன்பின்னாகக் கிடக்கும் இரண்டையும் மாற்றி வைப்பதே எஞ்சிய பணி. அதற்குக் கோடிகள் வேண்டா, குழுக்கள் வேண்டா, மனம் வேண்டும்.

தேக்கடி மதகின் உரிமைக்காகக் குமுளிக் கணவாய்வரை நடந்த மக்களின் பிள்ளைகள், இன்று அறிவுநீரின் மதகைத் திறக்க வீட்டை விட்டு நடக்கவும் வேண்டுவதில்லை. அம்மதகு பூட்டப்படவில்லை, காவலர் எவரும் அங்கில்லை, திறவுகோல் அவர்தம் மேசைமேல் கிடக்கின்றது. தொடுவார் இல்லாமையால் மட்டுமே தமிழ்வயல் காய்கின்றது. கம்பம் பள்ளத்தாக்கில் நீர் திறக்கும் நாளுக்காக உழவன் காத்திருக்கலாம். அது மழையின் கையிலும் உள்ளது. இம்மதகுக்கு மழையும் வேண்டா. இன்றே ஒரு கோப்புத் திறக்கப்படுக! அதன் முதல் வரியில் தமிழ் எழுதப்படுக!